மெரினா யார் வீட்டு மணல்?

(சென்னை நாள் வாரத்தையொட்டித் தண்டையார்பேட்டையில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆகஸ்டு 22 வந்தால் இந்த நகரத்துக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறோம். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கடலோரத்தில் ஒரு துண்டு மணல் நிலத்துக்கு அனுமதிப் பத்திரம் வாங்கிய நாள் அது. கம்பெனி பத்திரம் வாங்கிய நாளை ஊர் பிறந்த நாளாகக் கொண்டாடலாமா என்று திருவொற்றியூர்க்காரர் யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவருடைய ஊர்க் கோயிலில் அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. அது கிடக்கட்டும்.

இந்த வாரம் முழுக்க நகரத்தில் மரபு நடைப்பயணங்கள் நடக்கின்றன. மயிலாப்பூர் உண்டு, சாந்தோம் உண்டு, கோட்டை உண்டு. வடக்கே வந்தால் பாரிமுனை. அத்தோடு வண்டி திரும்பிவிடும். அதற்கு அப்பால் பார்க்க என்ன சார் இருக்கிறது என்று படித்தவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வட சென்னை என்றால் அரிவாள், கானா, கேரம் போர்டு, பாக்ஸிங் என்று சினிமா ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறது. பாக்ஸிங் உண்மைதான். சார்பட்டா பரம்பரை என்பது படத்துக்காக யாரோ யோசித்து வைத்த பெயர் இல்லை, இந்தத் தெருக்களில் வாழ்ந்த பெயர். ஆனால் அந்தப் பொட்டலத்துக்குள் ஒரு துறைமுக நகரம் அடங்காது.

பார்க்க என்ன இருக்கிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். கட்டடங்களுக்குப் போகும் முன் மணலைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். மணலைப் புரிந்துகொள்ளாமல் இந்தப் பகுதியில் எதைப் பார்த்தாலும் பாதிதான் தெரியும்.

வெளியூர்க்காரர்கள் பீச் ஸ்டேஷனில் இறங்கி, பீச் எங்கே என்று தேடுவதைப் பார்த்திருப்பீர்கள். எதிரே ராஜாஜி சாலை, அதற்கு அந்தப் பக்கம் துறைமுக மதில். கடல் கண்ணிலேயே படாது. ஆனால் ராஜாஜி சாலையின் பழைய பெயர் பர்ஸ்ட் லைன் பீச். அதற்குப் பின்னால் செகண்ட் லைன் பீச். இன்றைக்கு அங்கே போகிறவர்கள் அத்தோ சாப்பிடத்தான் போகிறார்கள். பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழர்கள் கொண்டுவந்த அந்த நூடுல்ஸும் இந்த ஊரின் மரபுச் சொத்துதான், அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி காலத்தில் அலை அந்தச் சாலைக்கு வெகு அருகில் வந்து போயிற்று. கோட்டையின் கிழக்குச் சுவருக்கும் கடலுக்கும் நடுவே இன்றுள்ள அகலமான நிலம் அன்று கிடையாது.

இத்தனை பெரிய வணிக நகரத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் துறைமுகமே இல்லை என்பதுதான் வேடிக்கை. கப்பல்கள் கரைக்கு வரா. அலை விழும் கோட்டுக்கு வெளியே, ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளானாலும் சரக்கானாலும் அங்கிருந்து கரைக்கு வர ஒரே வழி மசூலா படகு. பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. அலை தூக்கித் தரையில் அறைந்தால் ஆணி அடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். கப்பலுக்கு அவசரக் கடிதம் போக வேண்டுமென்றால் கட்டுமரக்காரர் அதைத் தண்ணீர் புகாத தொப்பிக்குள் வைத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அலைக்குள் இறங்குவார். கவர்னராக வந்த பிரபுக்களும் கரையேறும்போது படகோட்டிகளின் தோளில் உட்கார்ந்துதான் ஏறினார்கள். ஆளவந்தவர்கள் முதலில் மிதித்தது மண்ணை அல்ல, நம் ஆட்களின் தோளை.

அந்தப் படகோட்டிகள் தங்கள் கூலியிலிருந்து சேர்த்த பணத்தில் கட்டியதுதான் ராயபுரம் புனித பேதுரு ஆலயம். 1829. பேதுருவைப் பழைய தமிழ்க் கத்தோலிக்கர்கள் ராயப்பர் என்பார்கள், ஊர்ப் பெயர் அங்கிருந்து வந்தது. குருகுல வம்சத்தார் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் அந்தச் சமூகத்துக்குக் கோட்டை கொத்தளம் ஏதும் இல்லை, இந்தக் கோயில்தான். மீனவரான பேதுருவுக்குப் படகோட்டிகள் எழுப்பிய கோயில். சாந்தோம் பேராலயத்துக்குச் சுற்றுலாப் பேருந்து போகிறது, இங்கே வருவதில்லை. உலகத் துறைமுகங்களில் வணிகர்கள் கட்டியது உண்டு, அரசர்கள் கட்டியது உண்டு. சுமை தூக்கியவர்கள் கட்டி இன்றும் நிற்பவை எத்தனை என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

இனி மணல். அலையோடு போராடி அலுத்துப்போன வணிகர்கள் துறைமுகம் கேட்டார்கள். 1861இல் இரும்புத் தூண்களின்மேல் கடலுக்குள் ஒரு நீண்ட மேடை கட்டினார்கள். புயல்கள் அதை விட்டுவைக்கவில்லை. பிறகு பார்க்ஸ் என்ற பொறியாளரின் வரைபடம் வந்தது. கரையிலிருந்து கடலுக்குள் இரண்டு கற்சுவர்களை நீட்டி, நடுவில் அமைதியான நீர்ப்பரப்பை அடைத்துக்கொள்வது, கிழக்கே வாசல் வைப்பது. 1875இல் இங்கே வந்த வேல்ஸ் இளவரசர் அதற்குக் கல் நாட்டினார். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் ஒரு புயல் வந்து சுவர்களை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டி முடிக்க 1890களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. கட்டி முடித்த பிறகும் நிம்மதி இல்லை. கிழக்கு வாசல் வழியே அலை உள்ளே வந்தது, மணலும் வந்தது. 1904இல் துறைமுகத் தலைவராக வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங்தான் அந்த வாசலை மூடி, வடகிழக்கில் புது வாசல் திறந்தார். அதன் பிறகே சென்னைக்குத் துறைமுகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்று அமைந்தது. அவருடைய அலுவலகத்தில் கணக்கராக வேலை பார்த்த ஒருவர் பெயர் ராமானுஜன். ஆம், அந்த ராமானுஜன்தான். 1912இல் வேலைக்குச் சேர்ந்தார், 1914இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். துறைமுகத்தின் ஏற்றுமதிகளிலேயே மதிப்பு மிகுந்தது அது என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

நம் கரையோரமாக மணல் ஓயாமல் பயணம் செய்கிறது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலைகள் சாய்வாக வந்து அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே தள்ளும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம், ஆண்டுக்கு லட்சக்கணக்கான கன மீட்டர். தண்ணீர் ஓடும் வாய்க்காலில் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்து பாருங்கள். ஒரு பக்கம் மண் சேரும், மறு பக்கம் அரித்துக்கொண்டு போகும். துறைமுகத்தின் தென் சுவர் அப்படிக் குறுக்கே நீட்டிய கால். தெற்கே மணல் சேர்ந்தது, சேர்ந்துகொண்டே இருந்தது. 1884இல் கவர்னர் கிராண்ட் டப் உலாவுவதற்குப் பாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்த கடற்கரை, அந்த மணலால்தான் இன்றைய அகலத்துக்கு வளர்ந்தது. சிலைகள், சமாதிகள், சுண்டல் கடைகள், குதிரைச் சவாரி எல்லாம் அதன்மேல்தான்.

அந்த மணல் வந்து சேர்ந்திருக்க வேண்டிய இடம் எது? ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர். வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. கடல் உள்ளே வந்தது. முன்பு இங்கே இரண்டு தெரு இருந்தது, கோயில் இருந்தது, வலை உலர்த்தும் மேடு இருந்தது என்று குப்பத்துப் பெரியவர்கள் கடலைக் காட்டிச் சொல்வார்கள். அவர்கள் காட்டுகிற திசையில் தண்ணீர்தான் இருக்கும். பிறகு லாரி லாரியாகப் பாறாங்கல் கொண்டுவந்து கொட்டினார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். சில இடங்களில் வளைவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. மற்றபடி எண்ணூர் விரைவுச் சாலையின் ஓரமாகக் கிலோமீட்டர் கணக்கில் கருங்கல்தான்.

ஆகவே துறைமுக நகரத்தின் மரபுச் சின்னங்களைப் பார்க்கக் கிளம்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கல் சுவரை. காலையில் மெரினாவில் நடந்துவிட்டு, அதே நாள் திருவொற்றியூர்க் கடலோரத்தில் நில்லுங்கள். இரண்டும் ஒரே கட்டுமானத்தின் இரண்டு பக்கங்கள். முன்பக்கத்துக்கு மட்டும் மாநகராட்சி விளக்குப் போட்டது.

சரி, கட்டடங்களுக்கு வருவோம். ராயபுரம் ரயில் நிலையம். பம்பாயின் போரிபந்தரும் தானாவும் இதற்கு மூன்று ஆண்டு மூத்தவை. ஆனால் அந்தப் பழைய கட்டடங்கள் இப்போது இல்லை. அதனால் இந்தியாவில் இன்னும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது நம்முடையது. 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் பொதுமக்களுக்கு வண்டி ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், இங்கிருந்து வாலாஜா ரோடு வரை, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ஏன் ராயபுரம் என்று கேட்கலாம். கறுப்பர் நகரத்து வணிகர்களின் கிடங்குகளும் கடலும் இங்கே பக்கம். 1873இல் சென்ட்ரல் வந்ததும் இதன் மவுசு இறங்கிற்று. இன்றைக்கும் கும்மிடிப்பூண்டி மின்ரயில் நிற்கிறது. பீச்சிலிருந்து ஐந்து ரூபாய் டிக்கெட். தூண்கள் வரிசையாக நிற்கும் அந்த முகப்புக்கு முன்னால் நின்று, ஐந்து ரூபாயில் இவ்வளவு பழைய கட்டடத்தை வேறு எங்கே பார்க்க முடியும் என்று யோசியுங்கள். புதுப்பித்தார்கள், பிறகு மறந்தார்கள், அவ்வப்போது இதை முனையமாக்கும் பேச்சு எழும், அடங்கும். முனையமாக்கினால் ஊருக்கு நல்லதுதான். பழைய கட்டடத்தின்மேல் கை வைக்காமல் செய்ய வேண்டும் என்பது மட்டும் என் கட்சி.

நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் பார்சிகளின் அக்னி கோயில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அவர்களுக்கு இது ஒன்றுதான். 1795 வாக்கில் இங்கே வந்து குடியேறிய சின்னஞ்சிறு சமூகம். பதின்மூன்று வயதில் இறந்துபோன தன் மகன் ஜால் நினைவாக, பிரோஜ் கிளப்வாலா என்பவர் கட்டிக் கொடுத்தது. 1910 ஆகஸ்டில் நெருப்பு ஏற்றினார்கள். பார்சி அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது. வாசலில் நின்று பார்த்துவிட்டு நகரலாம். அது இருக்கும் தெரு அரத்தூன் சாலை, ஆர்மீனியப் பெயர். தேவாலயம் ஒரு தெருவில், அக்னி கோயில் அடுத்த தெருவில், சுற்றிலும் தர்காவும் அம்மன் கோயிலும். துறைமுகம் என்றாலே நாலு திசை ஆட்களும் வந்து தங்குவார்கள். கொச்சியிலும் பினாங்கிலும் இதைத்தான் டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். நமக்கு அது ஆட்டோ போகும் வழி.

ஸ்டான்லி மருத்துவமனையைக் கூட யாரும் மரபுச் சின்னமாகப் பார்ப்பதில்லை. நோயாளியாகப் போகிறவருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? 1782இல் ஹைதர் அலி போரும் பஞ்சமும் சேர்ந்து நகரத்துக்குள் விரட்டிய ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பட்ட மணியக்காரர் சத்திரம்தான் அதன் வேர். நம் பாட்டிமார்கள் கடைசிவரை ஸ்டான்லி என்று சொன்னதில்லை, கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொன்னார்கள். 1938இல் மருத்துவக் கல்லூரி வந்தது. கஞ்சி ஊற்றிய இடம் டாக்டர்களை உருவாக்கும் இடமானது. அருகே மாடிப் பூங்கா. பிரெஞ்சுக்காரர் லாலி நகரத்தை முற்றுகையிட்ட பிறகு பயந்துபோய்க் கட்டிய மதிலில் மிச்சமிருக்கும் துண்டு. மதில் செலவுக்காக வரி போடப் பார்த்தார்கள், மக்கள் கட்டவில்லை. வால்டாக்ஸ் ரோடு என்று பெயர் மட்டும் நின்றுவிட்டது.

காசிமேட்டுக்கு விடியும் முன் போக வேண்டும். விசைப்படகுகள் வந்து கட்டும், ஏலம் சூடு பிடிக்கும். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கடமா, இறால் என்று தரையெல்லாம் மீன். பெட்டி ஏலத்தில் எடுத்து வெளியே கூறு கட்டி விற்கும் பெண்களிடம் பேரம் பேசிப் பாருங்கள், நம் கணக்கு எவ்வளவு பலவீனம் என்று தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகா. அந்த நாட்களில் போனால் வலை பின்னுவதையும் படகு பழுது பார்ப்பதையும் காணலாம். என்னைக் கேட்டால் அதுவும் பார்க்க வேண்டியதுதான். ஒரு வேண்டுகோள். இது வேலை நடக்கும் இடம். ஐஸ் வண்டி தள்ளுகிறவர் முன்னால் போய் செல்பி எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். அவர் சொல்லும் வார்த்தை உங்கள் வீடியோவில் பதிவாகிவிடும்.

அங்கிருந்து வடக்கே காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களுக்காக அமைத்த பேட்டை. காலட்பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. அங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு ஊரார் ஒரு கதை சொல்வார்கள். காலட்டிடம் வேலை பார்த்தவர் காஞ்சி வரதரைப் பார்க்க அடிக்கடி போய்விட, தொல்லை தாங்காமல் பெருமாளையே இங்கே கொண்டுவர ஏற்பாடானதாம். லீவு கொடுப்பதைவிடக் கோயில் கட்டுவது லாபம் என்று கணக்குப் போட்ட முதலாளி. இந்தக் கதை மெய்யோ பொய்யோ, நெசவாளர் இல்லாமல் கம்பெனிக்குச் சென்னையில் வேலையே இல்லை என்பது மெய். துணிக்காகத்தான் கப்பல் வந்தது.

திருவொற்றியூரில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மெட்ரோவில் தேரடியில் இறங்கினால் கோயில் பக்கத்திலேயே. ஆதிபுரீஸ்வரர், தியாகராஜர், வடிவுடையம்மன். மூலவருக்கு ஆண்டு முழுதும் கவசம். கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைந்து தரிசனம். அந்த மூன்று நாள் கூட்டத்தில் வடிவம் பார்க்கப் போக வேண்டாம். சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில் போய்க் கருவறையின் பின்புறம் வாருங்கள். யானையின் முதுகுபோல வளைந்த விமானம். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் சதுரானன பண்டிதர் முயற்சியில் கருங்கல்லில் எடுத்தது. கட்டியவர் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது. ரவி என்ற வீரசோழத் தச்சன். தாஜ்மஹாலைக் கட்டிய கொத்தனார் பெயர் கேட்டால் நமக்கு உதடு பிதுங்குகிறது. இங்கே ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தச்சர் கல்லில் கையெழுத்து மாதிரி நிற்கிறார். இதே கோயிலில் பாணினி இலக்கணம் கற்பிக்க ஒரு மண்டபமும் மானியமும் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன.

இந்த ஊர்க் கதைகளும் சாதாரணமல்ல. சுந்தரர் இங்கே சங்கிலியாரை மணக்க, உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்ய வேண்டியிருக்கிறது. சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் சந்நிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனிடமே ஏற்பாடு செய்துகொள்கிறார். சிவனோ சங்கிலியார் காதில், மகிழடியில் சத்தியம் கேள் என்று ஓதிவிடுகிறார். பிறகு திருவாரூர் நினைவில் ஊர் எல்லையைத் தாண்டிய சுந்தரருக்குக் கண் போயிற்று. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது. கலிய நாயனார் இந்த ஊர் எண்ணெய் வணிகர். கோயிலில் விளக்கெரிக்க எண்ணெய் வாங்க வழியில்லாமல் போனபோது தன் கழுத்தை அரியத் துணிந்தவர். இன்றைக்கு இந்தப் பகுதியைச் சுற்றி எண்ணெய்த் தொட்டிகள் நிற்கின்றன. எண்ணெய்க்கும் இந்த ஊருக்கும் விட்ட குறை தொட்ட குறை இருக்கிறது போலும்.

தியாகராஜ சுவாமிகள் வீணை குப்பையர் அழைப்பில் இங்கே தங்கி, திரிபுரசுந்தரியான வடிவுடையம்மன்மேல் ஐந்து கிருதிகள் பாடினார். வள்ளலார் ஏழுகிணறு வீராசாமி தெருவிலிருந்து அடிக்கடி இங்கே வந்து வடிவுடையம்மனைப் பாடினார். மயிலாப்பூர் சபாக்களில் டிசம்பரில் பாடப்படும் திருவொற்றியூர் பஞ்சரத்னம் பிறந்தது இங்கே என்று ரசிகர்களுக்குத் தெரியும். தெரிந்தவர்களில் எத்தனை பேர் இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள்?

கோயிலிலிருந்து கிழக்கே, கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி. காவிரிப்பூம்பட்டினத்தில், கப்பல் வணிகம் செய்த செல்வக் குடும்பத்தில் பிறந்து, எல்லாவற்றையும் துறந்து, கையில் பேய்க்கரும்போடு திரிந்தவர். எந்த ஊரில் கரும்பின் நுனி இனிக்கிறதோ அங்கே முடிவு என்றிருந்தார், இங்கே இனித்தது என்பார்கள். கடல் கொண்ட துறைமுகத்தில் பிறந்தவர், கடல் உள்ளே வந்துகொண்டிருக்கும் துறைமுகப் பகுதியில் அடங்கினார். சமாதிக்கு முன்னால் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். சில நாட்களில் மணிக்கணக்காக நகராது. பற்றை விட்டவருக்கு வாசலில் உலகத்தின் சரக்கெல்லாம் கியூவில் காத்திருக்கிறது.

தொழிற்சாலைகளையும் மரபு என்றே நான் சொல்கிறேன், சிலருக்கு இதில் சம்மதம் இராது. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்து தொடங்கியவர் மாம்மன் மாப்பிள்ளை. அந்தக் கொட்டகைதான் எம்ஆர்எப் ஆயிற்று. 1948இல் தொடங்கி எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே 1955இல் திருவொற்றியூரில் என்பீல்டு. இமயமலையில் புல்லட் ஓட்டிப் படம் போடுகிற இளைஞர்கள், வண்டி பிறந்த தெருவில் ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம். விம்கோ தீப்பெட்டியின் பெயர் ரயில் நிலையத்துக்கும் மெட்ரோவுக்கும் நிலைத்துவிட்டது. மான்செஸ்டரிலும் ரூர் பள்ளத்தாக்கிலும் பழைய ஆலைகளை அருங்காட்சியகமாக்கி, வேலை செய்தவர்களின் குரலைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். சங்கு ஊதியதும் சைக்கிள் கூட்டம் சாலையை அடைத்த நாட்களைப் பார்த்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். ஒரு டேப் ரிக்கார்டரோடு யாராவது இவர்களிடம் வந்தார்களா?

எண்ணூருக்கு ரயிலில் போங்கள். எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு புதுநகர் போவதற்குள் வண்டி கழிமுகத்தைக் கடக்கும். கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் இடம் இது. 1806இல் கம்பெனி காலத்தில் வெட்டிய காக்ரேன் கால்வாய், பிற்பாடு பக்கிங்காம் கால்வாய், முதலில் வந்து சேர்ந்ததும் எண்ணூருக்குத்தான். விறகும் உப்பும் அதில் படகேறி நகரத்துக்குப் போயின. ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைகள் காற்று வாங்கவும் படகு விடவும் வார இறுதியில் இங்கே வந்தார்கள் என்றால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஜன்னல் வழியே பாருங்கள். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், சாம்பல் குழாய்கள், அவற்றுக்கு நடுவே இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள், பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு. 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 450 மெகாவாட், 2017இல் மூடினார்கள். 1994 முதல் வட சென்னை அனல்மின் நிலையம். 2001இல் எண்ணூர்த் துறைமுகம், இன்று காமராஜர் துறைமுகம், முக்கியமாக நிலக்கரிக்காகவே வந்தது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரித் தூசி ராயபுரத்து வீடுகளில் படிகிறது என்று வழக்கு நடந்து, 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் நிலக்கரியும் இரும்புத் தாதும் அங்கிருந்து நகர்ந்தன. எந்தப் பக்கம் நகர்ந்தன? வடக்கே, எண்ணூருக்கு. ராயபுரத்துக்காரர்களுக்கு மூச்சு வந்தது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். மணல் தெற்கே தங்கிற்று, தூசி வடக்கே வந்தது. நூற்றைம்பது ஆண்டுகளாக இந்த நகரத்தின் கணக்கு இப்படித்தான் எழுதப்படுகிறது.

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, எர்ணாவூர்க் கரையில் மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தபோதும் படகுகளும் வலைகளும் கறுத்தன, அப்போதும் வாளிதான். டி.எம். கிருஷ்ணா பொறம்போக்குப் பாடலைப் பாடிப் படமாக்கியதும் இந்தக் கழிமுகத்தில்தான். பாடல் உலகமெல்லாம் போயிற்று. இதையெல்லாம் ஏன் சுற்றுலாப் பேச்சில் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். லிவர்பூலில் அடிமை வணிகத்துக்கென்றே ஒரு அருங்காட்சியகம் அமைத்தார்கள். அந்த ஊரார் தங்கள் துறைமுகம் சம்பாதித்த விதத்தை மறைக்கவில்லை. நம் துறைமுகத்தின் வரவையும் செலவையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம் என்பதுதான் இந்தப் பகுதியின் தனிச் சிறப்பு.

அதனால் நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. ராயபுரம் நிலையத்தின் ஒரு அறையில் ஒரு மசூலா படகின் மாதிரி, துறைமுகம் வருமுன்னும் வந்தபின்னும் கரை எங்கே இருந்தது என்று காட்டும் ஒரு வரைபடம். மெரினாவில் உழைப்பாளர் சிலைக்குப் பக்கத்தில் ஒரு பலகை, இந்த மணல் எப்படி வந்தது என்று இரண்டு வரி. செலவு என்று பார்த்தால் ஒரு வாரத்துக்கு வைக்கும் கட்-அவுட் செலவுகூட ஆகாது.

முடிக்கிறேன். கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம். வரும் ஞாயிறு விடியற்காலை நாலரை மணிக்கு காசிமேடு மீன்பிடித் துறைமுக வாசலில் சேர்கிறோம். மீன் வாங்குகிறவர்கள் பை கொண்டு வாருங்கள், வழியில் எங்கேயும் ஐஸ் கிடைக்காது, திருவொற்றியூர்க் கோயிலுக்குள் மீனோடு விடவும் மாட்டார்கள். வீட்டுக்கு அனுப்ப ஒரு ஆட்டோ பேசி வைத்திருக்கிறோம். எண்ணூர் வரை வருகிறவர்கள் பெயரைப் பின்னால் நிற்கும் தம்பியிடம் எழுதிக் கொடுங்கள்.